புதருக்குப் பின்னால் சிரித்த நாய்

2015-இல் வந்த ‘பிக்சல்ஸ்’ படத்தில் ஒரு நாய் வரும். பழைய வீடியோ கேம்களின் உருவத்தில் வேற்றுக்கிரகத்தார் பூமிமேல் படையெடுக்கும் கதை அது. நம் தாஜ்மகாலையும் விட்டுவைக்க மாட்டார்கள். லண்டன் சண்டையில் மனிதர்கள் ஜெயித்ததும் பரிசாக அந்த நாயைக் கொடுப்பார்கள். ‘டக் ஹண்ட்’ ஆட்டத்தில் குறி தப்பினால் புல்லுக்குப் பின்னாலிருந்து எழுந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்குமே, அதே நாய்தான். அதைப் பார்த்த பிறகு மீதிப் படம் எனக்கு மனசில் ஒட்டவே இல்லை. பக்கத்து இருக்கையில் இருந்தவருக்கு அந்த நாய் யாரென்றே தெரியாது. தெரிந்த ஒரே ஆள் என் பெரியப்பா மகன், என் அண்ணன். அவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தார். வெளியே வந்ததும் போன் போட்டேன். “இப்பவும் சிரிக்குதாடா அது?” என்றுதான் முதலில் கேட்டார்.

கோடியக்கரையில் எங்கள் ஓட்டு வீட்டுக்கு அந்த நாய் இருந்த கேம் செட்டைக் கொண்டுவந்தது மாமா. அதுவும் சிங்கப்பூரிலிருந்துதான். மஞ்சள் கேசட், இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி. கேசட் அட்டையில் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் என்று போட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் அதே சில ஆட்டங்கள்தான் பெயரை மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வரும். மரியோ, கான்ட்ரா, டாங்கி சண்டை, வாத்து. அது நிண்டெண்டோ செட்டின் போலி; அந்தப் பெயரை நாங்கள் கேள்விப்பட்டதே கிடையாது. டிவிக்குப் பின்னால் ஆன்டனா ஒயரைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் செட்டின் ஒயரைச் செருக வேண்டும். கடலைத் தாண்டினால் யாழ்ப்பாணம் என்பதால் அந்த ஆன்டனாவில் இலங்கை ரூபவாஹினி நன்றாகவே விழும். அதைப் பிடுங்கினால் பெரியம்மாவிடமிருந்து வசவும் விழும். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ நேரத்தில் ஒயர்மேல் கை வைக்கும் தைரியம் யாருக்கும் வராது.

அந்த ஊரில் உட்கார்ந்து வாத்து சுட்டோம் என்பதை இப்போது நினைத்தால் நெஞ்சு என்னவோ செய்கிறது. 1967-இலிருந்தே எங்கள் ஊர் சரணாலயம். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் சதுப்பு முழுக்கப் பறவைதான்: ஊசிவால் வாத்து, உள்ளான், தூரத்தில் கோடு கிழித்த மாதிரி பூநாரைகள். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்காரர்கள் பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, திரும்பப் பறக்க விடுவார்கள். அண்ணன் அதையெல்லாம் மணிக்கணக்கில் நின்று பார்ப்பார். ஆட்டத்திலும் அவருக்குப் பிடித்தது வாத்துதான். ஒற்றை வாத்து வரும் ஆட்டத்தில், ஒருவர் சுடும்போது இன்னொருவர் ஜாய்ஸ்டிக்கால் அந்த வாத்தை ஓட்டலாம். பல பேருக்கு இது தெரியாது. அவர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். அதன் பிறகு துப்பாக்கி எப்போதும் என் கையில், வாத்து எப்போதும் அவர் கையில். தாழ்வாக வந்து சட்டென்று மேலேறித் திசை மாற்றுவார். சதுப்பில் ஊசிவால் அப்படித்தான் எழும்பும் என்பார். நான் துப்பாக்கியின் மூக்கைத் திரைக் கண்ணாடியில் ஒட்டியே வைத்துக்கொள்வேன். கை மயிரெல்லாம் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். அப்படியும் தப்பும். நாய் எழுந்து சிரிக்கும். நாயைவிட அண்ணன் அதிகம் சிரிப்பார்.

அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவுமே வெளியே போகாது. அது பார்க்க மட்டும் செய்யும். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுக்கும். அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் மின்னும். குழலுக்குள் இருக்கும் ஒளி உணரி அந்த இருட்டையும் வெளிச்சத்தையும் அடுத்தடுத்துக் கண்டால் வாத்து விழும். படக்குழாய் டிவியில்தான் இந்தக் கணக்கு சரிவரும். இன்றைய தட்டை டிவியில் படம் ஒரு நொடியின் சிறு பங்கு தாமதமாக வருவதால் துப்பாக்கிக்கு எதுவும் பிடிபடாது. பழைய செட்டைத் தேடிப் பிடித்தாலும் ஆட முடியாது என்று தெரிந்த அன்று எனக்கு உண்மையிலேயே துக்கமாக இருந்தது. எங்களுடைய பெட்டி டிவி, செட், துப்பாக்கி எல்லாம் பரணில்தான் கிடந்தன. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் அடித்தபோது ஓட்டோடு சேர்ந்து பரணும் போய்விட்டது.

அதனால்தான் சினிமாவில் இந்த ஆட்டங்கள் தலைகாட்டும்போது அப்படித் தாவிப் பார்க்கிறேன். 1989-இல் வந்த ‘பேக் டு தி ஃப்யூச்சர்’ இரண்டாம் பாகத்தில், எதிர்காலத்துக்குப் போன நாயகன் ‘வைல்ட் கன்மேன்’ துப்பாக்கி ஆட்டத்தைச் சின்னப் பையன்களுக்கு ஆடிக் காட்டுவான். கையால் ஆட வேண்டிய ஆட்டமா என்று அவர்கள் முகம் சுளிப்பார்கள். அந்தப் படம் கற்பனை செய்த வருஷமும் 2015. ஜாக்கி சான் ‘சிட்டி ஹன்டர்’ படத்தில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ சுன்-லீயாகவே மாறிக் குதிப்பார். ‘ரா.ஒன்’ படத்தில் ரஜினி சிட்டியாக வந்த சில நிமிடங்களை எல்லோரும் பேசினார்கள். எனக்கோ கதையில் அந்த ஆட்டத்தை உருவாக்குகிறவன் சேகர் சுப்ரமணியம் என்ற தமிழன் என்பது இனித்தது. நம் படங்களில் என்னை அதிகம் உலுக்கியது அஸ்வின் சரவணனின் ‘கேம் ஓவர்’. 2019-இல் வந்தது. டாப்ஸி அதில் கேம் வடிவமைப்பாளர். இருட்டைக் கண்டு நடுங்கும் அந்தப் பெண் வீட்டுக்குள்ளேயே அடைந்துகொண்டு பேக்மேன் ஆடுவாள். செத்தால் இன்னோர் உயிர் உண்டு என்ற ஆட்டத்தின் விதியையே கதையின் உயிராக்கியிருந்தார்கள்.

இவை எல்லாவற்றிலும் வருவது அசல் இயந்திரங்கள், பெருநகரத்து வீடுகள், அமெரிக்க ஆர்கேடுகள். எங்கள் போலி செட்டை, நான் பார்த்த எந்தப் படத்திலும் ஒரு நொடிகூடப் பார்க்கவில்லை. எங்கள் ஊர் திரையில் வராமல் இல்லை. 2022-இல் ‘பொன்னியின் செல்வன்’ வந்தபோது பூங்குழலியின் படகோடு கோடிக்கரையும் வந்தது. அந்தக் காலத்துச் சோழர் கலங்கரை விளக்கத்தின் மிச்சத்தை 2004 சுனாமி தள்ளிவிட்ட பிறகு, அப்படியாவது பார்க்கக் கிடைத்ததே என்று ஆறுதல்பட்டேன். சோழர் காலத்துக்குக் கிடைத்த அந்த இடம், ஆன்டனா ஒயரைப் பிடுங்கிய எங்கள் காலத்துக்கும் கிடைக்க வேண்டும்.

யாராவது ஓர் இயக்குநர் அதை எடுக்க வேண்டும். பெரிய காட்சியெல்லாம் வேண்டாம். கதாநாயகன் கூடத்தைக் கடந்து போகும்போது ஓரத்தில் இரண்டு பையன்கள் ஆடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் திரையில் படத்தைப் பிறகு கணினியில் ஒட்டவைக்கக் கூடாது. நிஜப் பெட்டி டிவியில், நிஜத் துப்பாக்கியால், நிஜமாகவே ஆட வேண்டும். வேதாரண்யம், திருத்துறைப்பூண்டிப் பக்கம் பழைய டிவி ரிப்பேர் கடைகளில் படக்குழாய் டிவி கிடைக்கிறதா என்று நானே கேட்டுச் சொல்கிறேன். வாத்தை ஓட்டுகிற பையன் மட்டும் கொஞ்சம் பெரியவனாக இருக்கட்டும்.