தாத்தாவோட மாருதியும் ஆறு வருஷப் பெட்ரோலும்

தோப்பு வீட்டுக் கொட்டகையில நிக்கிற 1996 மாடல் மாருதி 800-ஐ எடைக்குப் போட்டுடலாம்னு அப்பா முடிவே பண்ணிட்டார். 2019-ல தாத்தா போனதுக்கப்புறம் அதை யாரும் தொடலை. "2025 தீபாவளிக்குள்ள ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறேன், இல்லைன்னா போடுங்க"ன்னு வீராப்பா சொல்லிட்டேன். படிக்கிறது பி.காம். கார்புரேட்டர் எந்தப் பக்கம் இருக்கும்னே தெரியாது, ஹி ஹி.

பண்ண தப்பை முதல்லயே சொல்லிடறேன். புது பேட்டரியை மாட்டி விடாம செல்ஃப் அடிச்சேன். சுத்துச்சே தவிர பத்தலை. சாயங்காலம் வந்த மெக்கானிக் அண்ணன் டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்துட்டு, "தம்பி, இது பெட்ரோலா வார்னிஷா?"ன்னார். நிஜமாவே அந்த நாத்தம்தான். வருஷக்கணக்கா நிக்கிற பெட்ரோல்ல லேசான பாகமெல்லாம் ஆவியாப் போயிடும். மிச்சம் காத்து பட்டுப் பட்டுப் பிசினாயிடும். ஈரம் சேர்ந்து டேங்க் அடியில துரு வேற. நான் செல்ஃப் அடிக்க அடிக்க, ஏசி பம்ப் (குளிர்ற ஏசி இல்லை மக்களே, பெட்ரோலை இழுக்குற பழைய பம்ப்புக்குப் பட்டறையில அதான் பேரு) அத்தனை கசடையும் கார்புரேட்டர் வரைக்கும் கொண்டு போய்ச் சேர்த்திருக்கு. சும்மா இருந்திருந்தா பாதி வேலை மிச்சம்.

டேங்க்கை இறக்கி, பழைய நட்டுங்களையும் டீசலையும் போட்டுக் குலுக்கு குலுக்குன்னு குலுக்கினோம். காப்பி டிகாஷன் மாதிரி வந்துச்சு. பம்ப்போட டயாஃப்ரம் விறைச்சு வெடிச்சிருந்துச்சு, புதுசு போட்டாச்சு. கார்புரேட்டர் ஜெட்டை வெயில்ல தூக்கிப் பார்த்தா ஓட்டையில வெளிச்சமே தெரியலை. கம்பியால குத்தப் போனேன், அண்ணன் கையைத் தட்டிவிட்டார். ஓட்டை கொஞ்சம் பெருசானாலும் வண்டி பெட்ரோலா குடிக்குமாம். ஒரு ராத்திரி கிளீனர்ல ஊறப்போட்டு, காலையில கம்ப்ரஸர் காத்து அடிச்சதும் ஊசிமுனை வெளிச்சம் தெரிஞ்சுது. அந்தச் சந்தோஷம் பாலன்ஸ் ஷீட் டேலி ஆனப்பகூட வந்ததில்லை.

சோக்கை இழுத்து மூணாவது தடவை செல்ஃப் அடிச்சேன். கிளம்பிடுச்சு! நான் கத்தின கத்துல அம்மாவே வெளிய ஓடிவந்துட்டாங்க. அண்ணன் மட்டும் சட்டுனு சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணினார். பெட்ரோல் வாசனை. பார்க்க நல்லாத்தானே இருக்கு, காசு மிச்சம்னு நான் மாத்த விடாத பழைய ரப்பர் ஹோஸ்ல இருந்து பொட்டுப் பொட்டா கசிவு. சூடான இன்ஜின் மேல விழுந்திருந்தா கொட்டகையே போயிருக்கும். அண்ணன் ஒண்ணும் திட்டலை, அதான் இன்னும் பயமா இருந்துச்சு. இப்ப பங்க்ல வர்ற 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பரை இன்னும் சீக்கிரம் அரிச்சிடும்னார். அன்னைக்கே எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்குறதா மாத்தினோம்.

ஆர்.சி. 2021-லயே முடிஞ்சிருக்கு, புதுப்பிக்காம ரோட்டுல இறக்க முடியாது. அதனால தோப்புக்குள்ளயே ரெண்டு ரவுண்டு. அப்பத்தா கேக்காமலே முன்சீட்ல ஏறி உக்காந்துக்கிச்சு. நான் நிறுத்தினதும், "உங்க தாத்தா கிளச்சை இப்படி விடமாட்டார்டா"ன்னுச்சு.