ஒரே வண்டி, வேறு வேறு பூமி

இலங்கையின் வன்னியில் உதவி நிறுவனங்களின் வெள்ளை வாகனமாக நான் அறிந்திருந்த டொயோட்டா லாண்ட் குரூசர், ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் நான் குடியேறிய பின்னர், பெயரும் உருவமும் மாறாமலே வேறொரு வண்டியாக எனக்கு அறிமுகமாயிற்று. 1984-ஆம் ஆண்டில் தோன்றிய இந்த எழுபதாம் வரிசைக்கு ஜப்பானில் பொருத்தப்படும் அடிச்சட்டம் எங்கும் ஏறக்குறைய ஒன்றேயாயினும், அது போய்ச் சேரும் தேசத்தின் மண்ணும், எண்ணெயும், சட்டமும், வாங்குவோரின் செல்வாக்கும் அதன் உள்ளுறுப்புகளை நிர்ணயித்துவிடுகின்றன.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடக்கே கிளை பிரிந்து ஹோல்ஸ் கிரீக் வரை ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் நீளும் தனாமி வீதியில் பிரயாணம் செய்தவர்களுக்கு, இவ்வரிசையில் இங்கு விற்கப்படும் ட்ரூப் கரியர் என்ற வகையில் 90 லீட்டர் டாங்கிகள் இரண்டு இருப்பதற்கும், காற்றை உள்ளிழுக்கும் ஸ்நோர்க்கல் குழாய் கூரையளவு உயர்ந்து நிற்பதற்கும் காரணம் கேட்கத் தோன்றாது. 2007-இல் இந்நாட்டுக்கு வந்த 4.5 லீட்டர் வீ-எட்டு டீசல் எஞ்சினை அடக்குவதற்காக முன்புறத்தை அகலப்படுத்தியவர்கள் பின் அச்சை முன்போலவே விட்டுவிட்டபடியால், பின் சில்லுகளுக்கிடையிலான அகலம் முன்னதைவிட 95 மில்லிமீட்டர் குறைவாயிற்று. செம்மணலில் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தால், முன் சில்லு உழுத தடத்தின் உள்விளிம்பைப் பின் சில்லு இடித்துச் சரித்துக்கொண்டு வந்திருப்பது தெளிவாகத் தெரியும்.

ஆபிரிக்காவுக்கும் உதவி நிறுவனங்களுக்கும் செல்லும் வண்டியிலோ, 1990-இல் தோன்றிய 4.2 லீட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினே நெடுங்காலம் நிலைத்திருக்கிறது. அதற்கு டர்போ இல்லை. டீசலை அளந்து செலுத்துவதும் கணினியன்று, பம்புதான். ஏழை நாடுகளின் தலையில் கட்டப்பட்ட பழைய சரக்கென்று நம்மவர் சிலர் அதை இகழக் கேட்டிருக்கிறேன். அந்த அபிப்பிராயத்தை நான் முற்றாக மறுக்கிறேன். இங்கே டீசலில் கந்தகம் பத்து இலட்சத்தில் 10 பங்குக்கு மேற்படலாகாதென்பது 2009 முதல் விதியாதலால், 2016-இல் சேர்க்கப்பட்ட புகைக்கரி வடிகட்டியால் இயங்க முடிகிறது. கந்தகம் மிகுந்த எண்ணெயே கிடைக்கும் ஊரில் அதே வடிகட்டி அடைபட்டு, எஞ்சினின் பலம் குன்றி, நோயாளியோடு வண்டி நடுக்காட்டில் நின்றுவிடக்கூடும். வன்னியில் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது சில துளி பெற்றோலைக் காட்டிக் கிளப்பிவிட்டு, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஜனங்களின் நடுவே வாழ்ந்தவன் நான்; கிடைத்த எண்ணெயைப் பொறுத்துக்கொண்டு ஓடுவதும், சாமானியமான ஒரு கராஜ்காரரின் ஸ்பானருக்கு வசப்படுவதுமான யந்திரத்தின் அருமை எனக்குத் தெரியும்.

மண்ணையும் எண்ணெயையும் காரணம் காட்ட முடியாத பேதமும் ஒன்று உண்டு. 2016-இல், பெரும்பாலும் சுரங்க நிறுவனங்களின் வற்புறுத்தலால், ஒற்றைக் கபின் பிக்கப்புக்கு மட்டும் ஐந்து காற்றுப் பைகளும் ஐந்து நட்சத்திரப் பாதுகாப்புத் தரமும் வாய்த்தன. ஆதிக்குடிகளின் கிராமங்களில் நோயாளர் வண்டியாக ஓடும் ட்ரூப் கரியருக்கு இரண்டு பைகளோடு சரி. அந்த மூன்று பைகளைத் தடுத்தது வெப்பமுமன்று, தூசியுமன்று. தொகையாக வாங்கும் நிறுவனம் கேட்டுப் பெற்றதை, நள்ளிரவில் அந்த வண்டியைத் தானே ஓட்டிச் செல்லும் தாதியும் பெறத்தக்கவர் என்றே இங்குள்ள நண்பர்களிடம் நான் வாதிட்டு வருகிறேன்.