வேரறியாச் சிகிச்சை

மாத்தளை மாவட்டத்து மலைத்தோட்டங்களிலே தீராத மூக்கடைப்பு எதற்கும் வழங்கும் பெயர் பீனிசம் என்பதாகும். அயலிலுள்ள சிங்கள மக்களும் அதனைப் ‘பீனச’ என்பர். இரு மொழியாருக்கும் பொதுவான இப்பெயர் சில வேளைகளில் உண்மையான நோயை மறைக்கும் திரையாகிவிடுகின்றது.

றத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் கொழுந்து பறிக்கும் தாய் ஒருத்தியின் அனுபவம் இதற்குச் சான்றாகும். பதின்மூன்று வயதான அவளுடைய மகனுக்கு இடப்பக்க மூக்கு மட்டுமே அடைத்திருந்தது. பீனிசம் என்றெண்ணி ஆவி பிடித்ததில் ஓராண்டு கழிந்தது. பின்னர், மூக்கினுள் தெரிந்த சதையை வைத்தியர் ஒருவர் நீக்கினார். எட்டு மாதங்களில் அது மீண்டும் வளர்ந்துவிட்டது. “வெட்டின சதை திரும்ப வந்திருச்சுங்க ஐயா. மறுபடி வெட்டினா மட்டும் வராதுங்களா?” என்று கண்டியிலே அவள் கேட்டாள்.

அறியாமையால் எழுந்த கேள்வியன்று அது. அச்சதை மூக்கில் முளைப்பதன்று; கன்ன எலும்பினுள் அமைந்த காற்றறையின் சுவரில் முளைத்து, அதன் வாயில் வழியே வெளிப்பட்டு, தொண்டையை நோக்கித் தொங்குவது. பெரும்பாலும் சிறுவரிடத்தும் இளைஞரிடத்தும் ஒரு பக்கத்தில் மட்டுமே தோன்றும் இதனைக் கிலியன் என்னும் ஜேர்மானிய வைத்தியர் 1906ஆம் ஆண்டில் விளக்கினார். மூக்கிலுள்ள பகுதியை மட்டும் அகற்றுதல் வேரை விட்டுக் கொடியை அறுப்பதாகவே முடியும்.

வேரை அணுகுவதற்கு முற்காலத்தில் மேலுதட்டை உயர்த்திக் கன்ன எலும்பைத் துளைத்தனர். நியூயோர்க்கில் கால்டுவெல் 1893இலும், பாரிசில் லூக் 1897இலும் இம்முறையை வெளியிட்டனர். முகவீக்கமும் கன்ன மரப்பும் அதனால் விளைவதுண்டு. சிறுவரின் முளைக்காத பற்களுக்கும் ஊறு நேரலாம்.

ஒஸ்திரியாவின் கிராஸ் நகரத்து மெசர்கிளிங்கர் வேறொரு வழியைக் காட்டினார். அறையின் நுண்பிசிர்கள் சளியை இயற்கை வாயிலை நோக்கியே தள்ளுகின்றன. அடியில் வேறு துளை இட்டாலும் அவை திசை மாறுவதில்லை. ஆதலின் அவ்வாயிலையே அகலமாக்க வேண்டும். ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள அகநோக்குக் குழாயை மூக்கினுள் செலுத்தி, அதன் சாய்ந்த வில்லையினூடே சுவரைக் கண்டு, வளைந்த கருவிகளாற் சதையை வேரோடு நீக்குகின்றனர். முன்சுவரில் வேர் இருப்பின் மற்றொரு சிறு துளையும் வேண்டியிருக்கலாம். கண்குழி மிக அருகில் உள்ளமையால் முன்னதாகவே சீ.ரீ. படம் எடுத்தல் இன்றியமையாதது. அகற்றிய சதையை ஆய்வுகூடத்திற் சோதித்தலும் அவசியமாகும். இவ்வளவு செய்தும் சிலருக்கு அது மீளக்கூடும். எனவே தொடர்ந்து காட்டுதல் வேண்டும்.

இவற்றையெல்லாம் தாதி ஒருவர் தாளில் வரைந்து தமிழிற் சொன்னபோதுதான் தாய் சம்மதப் பத்திரத்திற் கையொப்பமிட்டாள். சத்திரசிகிச்சையைத் தமிழிற் சொல்லுதல் இந்நாட்டிற்குப் புதிதன்று. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ‘இரண வைத்தியம்’ என்னும் நூலைத் தமிழில் தந்துள்ளார். எனினும், முதற் சிகிச்சையின்போது சதையின் வேர் எங்குள்ளது என்பதை அத்தாய்க்கு எவரும் சொல்லவில்லை.

கண்டிக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் அவளுக்கு ஒரு நாட்பேர் இழப்பாகும். இன்னும் எத்தனை தடவை வரவேண்டும் என்று கேட்டு, நாட்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டாள். காரணம் தெரிந்தமையால், அவற்றுள் ஒன்றையேனும் தவிர்க்கலாமா என்று அவள் கேட்கவில்லை.