மட்டக்களப்பில் முதல் ஞாயிறு

ஜனவரி முதல் தேதி இலங்கையில் அரசு விடுமுறை கிடையாது. சித்திரைப் புத்தாண்டுக்குத்தான் அங்கே நாடு மொத்தமும் கடையை அடைத்துவிட்டு ஊருக்குப் போகும். ஜனவரி ஒன்றாம் தேதி காலையில் அரசு ஊழியர்கள் கந்தோருக்கு வந்து, கொடியேற்றி, வரிசையாக நின்று, இந்த வருடம் ஒழுங்காக வேலை செய்வோம் என்று உறுதிமொழி எடுப்பார்கள். எடுத்தபடி நடக்கிறார்களா என்பதை அந்த ஊர்க்காரர்கள்தான் சொல்ல வேண்டும். நான் போனது வேறொரு உறுதிமொழியைப் பார்க்க.

என் தம்பி கத்தாரில் வேலை செய்கிறான். அவன் அறையில் எங்கள் பெரம்பலூர், அரியலூர்ப் பையன்களோடு மட்டக்களப்புக்காரர் ஒருவரும் இருக்கிறார். அவருடைய அம்மா மெதடிஸ்த பள்ளியொன்றில் படிப்பித்து ஓய்வுபெற்றவர். எனக்கு அவர் 'டீச்சர்'. "வருசப் பிறப்புக்கு எங்கட சேர்ச்சுக்கு வாங்க மகன். ஆனா முப்பத்தொண்ணாந் திகதி பார்த்திட்டு ஓடிப் போயிரக்கூடாது, முதல் ஞாயிறு மட்டும் நிக்க வேணும்" என்று போனில் நிபந்தனை போட்டார். எங்கள் வீடு சி.எஸ்.ஐ. என்றாலும் அம்மாவின் பிறந்த வீடு மன்னார்குடி. அங்குள்ள ஃபின்ட்லே பள்ளியும் அதைச் சுற்றி வளர்ந்த சபையும் வெஸ்லியன், அதாவது மெதடிஸ்த, மிஷனரிகள் கட்டியவை. அந்த வெஸ்லியன் என்ற சொல்லை அம்மா சாகும்வரை விடவில்லை. அதனால் நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டேன்.

திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம் ஒரு மணி நேரம்கூடப் பறக்காது. பெரம்பலூரிலிருந்து திருச்சி விமான நிலையம் போய்ச் சேரவே அதைவிட அதிக நேரம் ஆகிறது. கொழும்பு கோட்டை நிலையத்தில் விடியற்காலை உதயதேவியைப் பிடித்தால் பகல் முழுக்க ரயில்தான். ஹபரணையைத் தாண்டிய பிறகு காட்டுக்குள் வண்டி தவழ்கிறது. தண்டவாளத்தில் யானை நிற்கும் தடம் அது. என் எதிரே உட்கார்ந்திருந்த சிப்பாய் ஜன்னலுக்கு வெளியே எதையோ காட்டினார். எனக்குப் பச்சை மட்டும்தான் தெரிந்தது.

பொலன்னறுவை வந்தபோது எழுந்து வாசலுக்குப் போனேன். அரியலூர் மாவட்டத்துக்காரன் அந்த நிலையத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. எங்கள் கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டிய ராசேந்திரனின் ஆட்சியில் இந்த ஊர் சனநாதமங்கலம். அவனுடைய தாய் பெயரில் வானவன் மாதேவி ஈச்சரம் என்று ஒரு கற்கோயில் இங்கே இன்னும் நிற்கிறது. சுற்றிலும் செங்கல் தாதுகோபங்கள், நடுவே அசல் சோழநாட்டுக் கற்கோயில். ரயிலிலிருந்து அது தெரியாது, இறங்கிப் போய்த்தான் பார்க்க வேண்டும். திரும்பும் வழியில் பார்த்தேன். அந்தக் கதையை இங்கே கொண்டுவந்தால் கட்டுரை சோழர் பக்கம் போய்விடும்.

மட்டக்களப்பில் இறங்கியபோது மழை. டிசம்பரும் ஜனவரியும் அங்கே மாரிக்காலம். வாவி பெருத்து, வயல்களும் வாவியும் ஒரே தண்ணீராகக் கிடந்தன. டீச்சர் வீட்டு வாசலில் குடையோடு நின்றிருந்தார். "வாங்க மகன், தலையத் துவட்டுங்க, தேத்தண்ணி குடிங்க, மறுகா கதைப்பம்" என்றார். இந்த 'மறுகா'வை மட்டக்களப்பில் நூறு முறை கேட்கலாம். பிறகு என்று பொருள். மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டிவிடுவார்கள் என்று யாழ்ப்பாணப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அவர்கள் அதை மாந்திரீகம் என்கிறார்கள். சட்டியில் வந்த எருமைத் தயிரும் கித்துள் பாணியும் போதும், மந்திரம் எதற்கு?

மறுநாள் மழை விட்ட நேரத்தில் வாவிக்கரைக்குக் கூட்டிப்போனார். காந்தி பூங்காவில் 'மட்டக்களப்பு வாயில்' என்று ஒரு வளைவு. அருகில் வில்லியம் ஓல்ட்டின் சிலை. இந்த மனிதரின் கதையை நான் அம்மாவிடம்கூடக் கேட்டதில்லை.

1813 டிசம்பர் கடைசியில், வருடம் முடிய ஓரிரு நாள் இருக்கும்போது, இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்திலிருந்து மெதடிஸ்த மிஷனரிகளின் சிறு குழு கப்பலேறியது. தலைவர் தாமஸ் கோக். அறுபத்தாறு வயதில், ஆசியாவில் மிஷன் தொடங்கியே தீருவேன் என்று தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கிளம்பியவர். 1814 மே 3ஆம் தேதி அவர் கப்பல் அறையிலேயே இறந்துகிடந்தார். இந்தியப் பெருங்கடலில் அடக்கம். அதற்கு முன்பே ஓல்ட்டின் மனைவியும் கப்பலில் இறந்திருந்தார். தலைவரும் இல்லை, பணம் எடுக்க வழியும் தெரியவில்லை என்ற நிலையில் மிச்சமிருந்தவர்கள் ஜூன் 29 அன்று காலியில் கரையேறினார்கள். யார் எந்த ஊருக்குப் போவது என்று தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். லிஞ்ச், ஸ்குவான்ஸ் இருவருக்கும் யாழ்ப்பாணம். ஓல்ட்டுக்குத் தனியாக மட்டக்களப்பு.

மனைவியைக் கடலில் விட்டவர் அங்கே போய்ப் பள்ளிகளைத் தொடங்கினார். 1815 ஏப்ரலில் அவரும் போய்விட்டார். ஊரில் இருந்தது ஒரு வருடம்கூட இல்லை. ஆனால் மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லிக்கொண்டு இன்றும் நடக்கிறது. டீச்சர் சிலையைப் பார்த்து, "எட்டு மாசந்தான் மகன் இருந்தவர். இருநூறு வருசமா இவரப் பத்திக் கதைக்கிறம்" என்றார்.

எனக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம் வேறு. யாழ்ப்பாணத்துக்குப் போன அதே லிஞ்ச்தான் 1817இல் சென்னைக்கு வந்து அங்கே வெஸ்லியன் மிஷனைத் தொடங்கினார். நாகப்பட்டினத்து வேலையும் யாழ்ப்பாணத்துத் தொடர்ச்சிதான். பிறகு மன்னார்குடி, திருச்சி, கரூர். அம்மா பெருமையடித்துக்கொண்ட அந்த வெஸ்லியன் மார்க்கம் லண்டனிலிருந்து நேராகக் காவிரிக்கரைக்கு வரவில்லை, யாழ்ப்பாணம் வழியாக வந்திருக்கிறது. எங்கள் பக்கத்திலிருந்து படையெடுத்துப்போன கதையை மட்டுமே படித்து வளர்ந்தவனுக்கு, அங்கிருந்து இங்கே வந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள வாவிக்கரை வரை வர வேண்டியிருந்தது. எங்கள் மாவட்டத்துக் கிறிஸ்தவம் என்றால் எல்லாரும் ஏலாக்குறிச்சியையும் வீரமாமுனிவரையும்தான் சொல்வார்கள். சொல்லட்டும், அது பெரிய கதைதான். சின்னக் கதைகளும் இருக்கின்றன.

முப்பத்தொன்றாம் தேதி இரவு. கோயில் வாசலில் துப்பாக்கியோடு காவல். பைகளைத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று இதே ஊரில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பள்ளி முடிந்து வெளியே வந்து நின்ற பிள்ளைகள் பலர் அதில் போய்விட்டார்கள். அதிலிருந்து பெரிய பண்டிகை என்றால் காவல் இல்லாமல் ஆராதனை இல்லை. யாரும் முகம் சுளிக்கவில்லை. பையைத் திறந்து காட்டிவிட்டு, காவலுக்கு நின்றவரிடம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

காத்திருப்பு ஆராதனை எங்கள் ஊரிலும் உண்டு. ஜெனரேட்டர், சீரியல் பல்பு, பன்னிரண்டு அடித்ததும் 'ஹேப்பி நியூ இயர்' சத்தம், வாலிபர் சங்கத்தின் கேக். மட்டக்களப்பில் பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் முழங்காலில் இருந்தார்கள். பழைய வருடத்தை முழங்காலில் முடித்து, அப்படியே புதிய வருடத்துக்குள் போவதாம். வெளியே ஊர் முழுக்க வெடி கேட்டது. உள்ளே மணி அடித்து முடிந்த பிறகுதான் எழுந்தார்கள். பிறகு கட்டிப்பிடித்தல், கைகொடுத்தல், காகிதத்தில் சுற்றிய ரிச் கேக் துண்டு. ரவையும் முந்திரியும் பூசணித் தோசியும் போட்ட அந்தக் கேக்கை ஒரு வாய்க்கு மேல் யாரும் கொடுப்பதில்லை. ஒன்று போதாது என்று வெட்கத்தை விட்டு இன்னொன்று வாங்கினேன்.

இந்த இரவு ஆராதனை பிறந்த கதை அரியலூர்க்காரர்களுக்குப் பிடிக்கும். 1740களில் பிரிஸ்டல் பக்கத்தில் கிங்ஸ்வுட் என்ற ஊரில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் சனிக்கிழமை இரவுகளைச் சாராயக் கடையில் கழித்துக்கொண்டிருந்தார்கள். மெதடிஸ்தர்களாக மாறியபின் அந்த இரவுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. குடித்த நேரத்தைப் பாட்டிலும் ஜெபத்திலும் போக்கத் தொடங்கினார்கள். இது ஒழுங்கற்ற வழக்கம், நிறுத்துங்கள் என்று சிலர் மெதடிஸ்தர்களின் தலைவர் ஜான் வெஸ்லியிடம் புகார் செய்தார்கள். அவர் நிறுத்தவில்லை. பௌர்ணமியை ஒட்டி வரும் வெள்ளிக்கிழமை இரவில் வைத்துக்கொள்ளலாம் என்றார். நள்ளிரவில் ஆராதனை முடிந்து நடந்து வீடு திரும்புகிறவர்களுக்கு நிலா வெளிச்சம் வேண்டுமே, அதற்காக. வருடக் கடைசி இரவோடு அது ஒட்டிக்கொண்டது பின்னால்தான். சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் சிமெண்ட் ஆலையிலும் ஷிஃப்ட் பார்க்கும் எங்கள் ஆட்கள் தூக்கக் கண்ணோடு முப்பத்தொன்றாம் தேதி வந்து உட்காரும் ஆராதனை, சுரங்கக்காரர்கள் கண்டுபிடித்தது. இதை எந்த ஆயரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

ஒன்றாம் தேதி காலையில் பாற்சோறும் சீனிச்சம்பலும். அதற்குப் பிறகு ஞாயிறு வரை ஊர் சுற்றல். கல்லடிப் பாலத்தில் நின்றேன். மீன் பாடும் என்கிறார்களே, அது கோடையில், பௌர்ணமி இரவில். மாரியில் தவளைதான் பாடும். பாலத்துக்கு அப்பால் சுவாமி விபுலானந்தரின் சமாதி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான அவர் சிறுவயதில் படித்தது கல்முனையில் ஒரு மெதடிஸ்த பள்ளியில் என்று சொன்னபோது டீச்சர் முகத்தில் ஒரு வெற்றி இருந்தது. கடற்கரைப் பக்கம் நாவலடிக்கும் போனோம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் அந்த மணல்திட்டைத் தாண்டி வாவியில் விழுந்திருக்கிறது. அங்குள்ளவர்களுக்குக் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் எப்போதும் ஒரு திதி உண்டு. எங்கள் பக்கத்துக் காரை கிராமத்தில் கடல் பல கோடி ஆண்டுக்கு முன் விட்டுப்போன சங்குகளையும் அம்மோனைட்டுகளையும் பொறுக்கி விளையாடியவன் நான். கடல் என்றால் எனக்கு அதுவரை கல்.

ஞாயிறு வந்தது. உடன்படிக்கை ஆராதனை.

வெஸ்லி இதை முதலில் நடத்தியது 1755 ஆகஸ்ட் 11 அன்று, லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில். சுமார் 1800 பேர் எழுந்து நின்று சம்மதம் சொன்னதாக அவருடைய நாட்குறிப்பு சொல்கிறது. பிறகு அது வருடத் தொடக்கத்துக்கு வந்து சேர்ந்தது. உலகத்தில் மெதடிஸ்தர்கள் இருக்கும் பல நாடுகளில் ஜனவரி முதல் ஞாயிறு என்றால் இதுதான். தமிழ்நாட்டு வெஸ்லியன்கள் 1947 செப்டம்பரில் ஆங்கிலிக்கன்களோடும் மற்றவர்களோடும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது, தங்கள் சீதனமாகக் கொண்டுவந்தவற்றில் இதுவும் ஒன்று. சி.எஸ்.ஐ. வழிபாட்டுப் புத்தகத்தில் இன்றும் இருக்கிறது. இலங்கையில் அப்படி ஒரு இணைப்பு நடக்கவில்லை. மெதடிஸ்த திருச்சபை தனியாகவே நின்று 1964இல் தன்னாட்சி பெற்றது. ஆகவே அங்கே இது பல முறைமைகளில் ஒன்றாகக் கரையாமல், வருடத்தின் முக்கிய ஆராதனையாக நிற்கிறது.

அதில் சொல்லப்படுவது எளிய விஷயமல்ல. என் மேல் எனக்கு உரிமை இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வேலை கொடுத்தாலும் சரி, ஓரமாக உட்கார வைத்தாலும் சரி. மேலே வைத்தாலும் கீழே போட்டாலும் சரி. கை நிறைந்தாலும் காலியானாலும் சரி. போதகர் வாசித்து நிறுத்தினார். நீண்ட மௌனம். அதன் பிறகுதான் சபையார் சொன்னார்கள், தாழ்ந்த குரலில். என் வரிசையில் இருந்த ஒருவர் வாயே திறக்கவில்லை. யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் டீச்சரிடம் கேட்டேன். "ஏலாதெண்டா பேசாம இருக்கலாம் மகன். பொய் சொல்றதவிட அது நல்லந்தானே. போன வருசம் நானும் சொல்லல்ல" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவர் மகன் கத்தாருக்குப் போனது போன வருடம்தான்.

நான் சொன்னேனா என்றால், பாதி சொன்னேன். ஓரமாக உட்கார வைத்தாலும் என்ற இடத்தில் குரல் வரவில்லை.

எங்கள் ஊரில் புத்தாண்டு ஆராதனையின் உச்சம் வாக்குத்தத்த அட்டை. தட்டில் கவிழ்த்து வைத்த வசனங்களில் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்கிறோம். 'பெருகப்பண்ணுவேன்', 'உயர்த்துவேன்' மாதிரி வந்துவிட்டால் ஒரே சந்தோஷம், பீரோக் கதவில் ஒட்டிவிடுவோம். கண்டிப்பான வசனம் வந்தால் இன்னொன்று எடுக்கக் கை நீளும், பார்த்திருக்கிறேன். மட்டக்களப்பிலும் அட்டை கொடுத்தார்கள், அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அங்கே கடவுளின் வாக்கை வாங்குவதற்குப் பக்கத்திலேயே மனிதனின் வாக்கைக் கொடுப்பதும் வைக்கப்பட்டிருக்கிறது. நாங்கள் வாங்குவதை மட்டும் பிடித்துக்கொண்டோம். உடன்படிக்கை எங்கள் சபையில் ஒன்றாம் தேதி அதிகாலை ஆராதனையின் நடுவில், நற்கருணைக்கு முன்னால், ரயிலைப் பிடிக்கப் போகிற வேகத்தில் வாசித்து முடிக்கப்படுகிறது. விடிய விடிய விழித்தவர்கள் அரைத்தூக்கத்தில் கொடுக்கும் வாக்குக்கு என்ன மதிப்பு?

ஊருக்கு வந்ததும் சபைக் கமிட்டியிடம் இதைச் சொன்னேன், இங்கும் எழுதுகிறேன். ஒன்றாம் தேதி கேக்கும் அட்டையும் இருக்கட்டும். உடன்படிக்கையை மட்டும் பிரித்து முதல் ஞாயிற்றுக்குத் தள்ளுங்கள். தூங்கி எழுந்து, நன்றாக யோசித்துவிட்டு வந்து சொல்லட்டும். சொல்ல முடியாதவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கவும் இடம் கொடுங்கள். புத்தகத்தில் ஏற்கெனவே இருப்பதுதான், புதிதாகத் தீர்மானம் எதுவும் போட வேண்டியதில்லை.