தோற்றவர் காசில் ஓடும் பேருந்து

திங்கள், மாலை

ஹாங்காங்கில் தம்பி வீட்டுக்கு வந்த இடத்தில், இவ்வளவு தூரம் வந்துவிட்டு மக்காவ் ஊரைப் பார்க்காமல் போவதா என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால் அங்கே விசா வேண்டாம், 30 நாள் தங்கலாம். வெள்ளி, சனி இரவுகளில் அறை வாடகை ஏறிவிடும் என்று தம்பி எச்சரித்ததால் வார நாளில் கிளம்பினோம். பேருந்துக் கட்டணம் ஆளுக்கு 65 ஹாங்காங் டாலர். 2018-ல் திறந்த கடல் பாலம். இணைப்புச் சாலைகளோடு சேர்த்து 55 கிலோமீட்டர். ஓரிடத்தில் சாலை கடலுக்கடியில் சுரங்கமாக இறங்கி, கப்பல்களுக்கு மேலே வழிவிட்டு, மறுபடி எழுகிறது. அந்த ஏற்றத்தில் இரு பக்கமும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்ததற்கே 65 டாலர் தகும்.

குடியேற்றச் சோதனை முடிந்து வெளியே வந்தால் வரிசையாகப் பெரிய பேருந்துகள். ஒவ்வொன்றிலும் ஒரு சூதாட்ட விடுதியின் பெயர். "டிக்கெட் எங்கம்மா எடுக்கணும்?" என்றாள் மகள். எங்கும் எடுக்க வேண்டாம். யார் வேண்டுமானாலும் ஏறலாம், குளிர்சாதனம் உண்டு, காசு கிடையாது. நாலைந்து பெட்டிகளோடு ஏறிய ஒரு குடும்பத்துக்கு ஓட்டுநரே கைகொடுத்தார். சிக்கனப் பயணிகளுக்கு மக்காவில் கிடைக்கும் முதல் உதவி இதுதான்.

திங்கள், இரவு

கோட்டாய் என்ற பகுதி முன்பு கடல். தைப்பா, கொலோவான் என்ற இரண்டு தீவுகளுக்கு நடுவே மண் கொட்டித் தூர்த்து, அதன் மேல் பிரம்மாண்டமான விடுதிகளை எழுப்பியிருக்கிறார்கள். 2007-ல் திறந்த வெனீஷியனுக்குள் கால்வாய் ஓடுகிறது, படகு போகிறது, கூரையில் சாயங்கால வானம் தீட்டியிருக்கிறது. பக்கத்தில் அசலில் பாதி உயரத்துக்கு ஓர் ஈஃபிள் கோபுரம். பார்க்கக் காசில்லை. ஆனால் நெடுநேரம் நிற்கத் தோன்றவில்லை.

அங்கிருந்து நடந்தே தைப்பாவின் பழைய வீடுகளுக்குப் போனோம். 1921-ல் கட்டிய, பச்சை வண்ணம் பூசிய தாழ்வாரம் வைத்த வீடுகள். போர்ச்சுக்கீசிய அதிகாரிகளும், போர்ச்சுக்கீசியக் கலப்பு வழிவந்த மக்கானியக் குடும்பங்களும் குடியிருந்தவை. அப்போது வாசலுக்கு எதிரே கடற்கரை. இப்போது நாணலும் தாமரையும் உள்ள குளம், அதற்கப்பால் நாங்கள் விட்டுவந்த விடுதிகளின் விளக்குகள். இந்தத் தாழ்வாரத்தில்தான் மகள் அதிக நேரம் உட்கார்ந்தாள். நானும்தான்.

செவ்வாய், காலை

பழைய நகரத்தில் சின்ன விடுதி. சுவர்கள் மெல்லியவை, படுக்கை சுத்தமானது, அது போதும். நகரப் பேருந்துக்கு 6 பட்டாக்கா. ஒரு பட்டாக்கா பத்து ரூபாய்க்குச் சற்று மேல். சில்லறையைச் சரியாகப் பெட்டியில் போட வேண்டும், மீதி தரமாட்டார்கள். இதற்கும் அரசு மானியம் உண்டு என்று மகள் தொலைபேசியில் படித்துச் சொன்னாள்.

செனாடோ சதுக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கற்களைப் பதித்து அலைகள் செய்திருக்கிறார்கள். அதைத் தாண்டிய சந்தில் பாதாம் பிஸ்கட் கடைக்காரர்கள் தட்டை நீட்டிக்கொண்டே இருக்கிறார்கள். தின்று பார்த்துவிட்டு வாங்காமல் போனாலும் முகம் சுளிக்கவில்லை. சந்து முடியும் இடத்தில் படிக்கட்டு. அதன் உச்சியில் புனித பவுல் ஆலயத்தின் முகப்பு. 1602-ல் தொடங்கிய ஆலயம் 1835-ல் தீயில் போய்விட்டது, முன்சுவர் மட்டும் நிற்கிறது. சுவரின் ஒவ்வொரு அடுக்கையும் நின்று பார்க்க வேண்டும். ஏழு தலை நாகத்தை மாதா மிதிக்கிறாள், பக்கத்தில் சீன எழுத்து. ஒரு போர்ச்சுக்கீசியக் கப்பல். சீனச் சிங்கங்கள். ஜப்பானின் சாமந்திப் பூ. சொந்த நாட்டில் மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த ஜப்பானியக் கிறிஸ்தவர்களும் உள்ளூர்க் கைவினைஞர்களும் சேர்ந்து செதுக்கியது. பின்னால் நிலவறையில் ஜப்பானிய, வியட்நாமிய வேதசாட்சிகளின் எலும்புகள் கண்ணாடிக்குள் இருக்கின்றன.

இந்தச் சுவருக்குப் பணம் வந்த வழியைத் தெரிந்துகொண்டால்தான் இந்த ஊர் புரியும். 1557 முதல் இங்கே குடியேறிய போர்ச்சுக்கீசியர் சீனப் பட்டுச் சரக்கை நாகசாகிக்குக் கொண்டுபோய் வெள்ளியாக மாற்றி வந்தார்கள். 1639-ல் ஜப்பான் கதவைச் சாத்தியதும் அந்த வருமானம் நின்றது. பிறகு 1842-ல் ஆங்கிலேயருக்கு ஹாங்காங் கிடைத்தது. அங்கே ஆழமான துறைமுகம். மக்காவின் துறையோ சேறு சேர்ந்து ஆழம் குறைந்தது. வியாபாரம் அங்கே நகர்ந்துவிட, கஜானா காலியான நிர்வாகம் 1847-ல் சூதாட்டத்துக்கு உரிமம் கொடுத்து வரி வாங்கத் தொடங்கியது. இந்த ஊர்க்காரர்களின் ரத்தத்தில் சூதாட்டம் ஊறியிருப்பதாகச் சுற்றுலாப் புத்தகங்கள் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். வேறு வருமானம் இல்லாத ஓர் அரசு எடுத்த முடிவு அது.

செவ்வாய், மதியம்

இன்றைய நாளில் நான் மறக்க முடியாத இடம் ஓர் அடகுக் கடை.

கூட்டுறவு வங்கியில் நகைக் கடன் பிரிவிலேயே என் வேலைக்காலம் கழிந்தது. அதனால்தான் பெரிய சாலையில் 'தக் செங் ஒன்' என்ற அந்த அருங்காட்சியகத்தை வரைபடத்தில் பார்த்ததும் முதலில் குறித்துவைத்தேன். 1917-ல் திறந்து 1993 வரை நடந்த கடை. பிறகு அரசு அதைப் பழுதுபார்த்து 2003-ல் மக்களுக்குத் திறந்துவிட்டது.

வாசலில் நுழைந்ததும் ஆளுயரத்துக்கு ஒரு மரத் தட்டி. தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே நிற்பவர் யாரென்று தெரியக் கூடாது என்பதற்காக வைத்தது. தட்டியைச் சுற்றிப் போனால் எதிரே கல்லா. நம் தலைக்கு மேலே இருக்கிறது. அடகு வைக்க வந்தவர் பொருளை இரண்டு கையாலும் தூக்கி நீட்ட வேண்டும், கடைக்காரர் மேலேயிருந்து குனிந்து வாங்குவார். அடகுச் சீட்டுகள், கணக்குப் பேரேடு, பொருளுக்குக் கட்டும் அடையாள அட்டைகள். பின்னால் கனத்த சுவரும் குறுகலான ஜன்னலுமாக ஒரு கோபுரம்: அடகுப் பொருள்களின் பாதுகாப்பறை. தீயும் திருடனும் நெருங்க முடியாத கட்டுமானம். படியேறிப் போனால் வெறும் மர அலமாரிகள், அடுக்கடுக்காக.

அந்தத் தட்டியை மகளுக்குக் காட்டி, எங்கள் வங்கியில் நகையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்தார் யாராவது வரிசையில் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் பெண்கள் உள்ளே வருவார்கள் என்று சொன்னேன். சில வருடங்களாக வந்தவர்களில் பலர் காரணமும் சொல்வார்கள். வீட்டுக்காரர் செல்போனில் ரம்மி ஆடினார் என்பார்கள். தாலிக்கொடி முழுகிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்களுக்கு முன்னால் அப்படி ஒரு தட்டியாவது இருந்திருக்கலாம்.

இந்தக் கடையைக் கட்டியவர் கௌ ஹோ நெங். பிற்பாடு 1937 முதல் மக்காவின் சூதாட்ட ஏகபோக உரிமையைக் கையில் வைத்திருந்த நிறுவனத்தின் பங்காளியும் இவரே. பணம் போகிற வாசலும் பணம் புரட்டுகிற வாசலும் ஒரே ஆளுடையவை. விளக்கப் பலகையில் இதைப் படித்தபோது எனக்கு உள்ளங்கை குளிர்ந்துவிட்டது.

செவ்வாய், இரவு

லிஸ்போவா சூதாட்ட விடுதி 1970-ல் திறந்தது. பறவைக் கூண்டு போன்ற வட்டக் கட்டடம். 1962 முதல் நாற்பது வருடம் ஸ்டான்லி ஹோவின் நிறுவனம் மட்டுமே இந்தத் தொழிலை நடத்தியது. 2002-ல் உரிமத்தைப் பலருக்குத் திறந்துவிட்டார்கள். நாலே வருடத்தில், 2006-ல், வருமானத்தில் லாஸ் வேகாஸை மக்காவ் முந்தியது. லிஸ்போவாவைச் சுற்றி உள்ள தெருக்களில் அடகுக் கடைகள் விடிய விடியத் திறந்திருக்கின்றன. கண்ணாடிக்குள் தங்கக் கடிகாரங்கள், வளையல்கள், சங்கிலிகள். இங்கே தட்டி எதுவும் இல்லை.

21 வயது ஆகாதவர்களுக்கு உள்ளே அனுமதி கிடையாது. மகளுக்கு 20. "நீங்க போயிட்டு வாங்கம்மா, நான் இங்கயே நிக்கறேன்" என்றாள். தனியாகப் போனேன். பையைச் சோதித்தார்கள், படம் எடுக்கக் கூடாது என்றார்கள்.

உள்ளே ஜன்னல் இல்லை, கடிகாரமும் கண்ணில் படவில்லை. தேநீரும் தண்ணீர்ப் புட்டியும் தள்ளுவண்டியில் சும்மா தருகிறார்கள். பெரும்பாலான மேசைகளில் பக்காரா என்ற சீட்டாட்டம். 'ஆட்டக்காரர்', 'வங்கி' என்று இரண்டு பக்கம். ஒன்பதுக்கு நெருங்கி வருவது எது என்று பந்தயம். சீட்டைக் கவிழ்த்து வைத்து, ஓரத்தை மெல்ல மெல்ல வளைத்துப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு திரை, அதில் முந்தைய ஆட்டங்களின் முடிவுகள் சிவப்பும் நீலமுமாக வட்டங்களாக வரிசை கட்டுகின்றன. அந்த வட்டங்களை உற்றுப் பார்த்து, தாளில் குறித்து, அடுத்து வரப்போவதைக் கணிக்கிறார்கள். முடிந்துபோன ஆட்டத்துக்கும் வரப்போகிற சீட்டுக்கும் ஒட்டு உறவு இல்லை. அந்தத் திரையைப் போன்ற குரூரமான பொருளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தோற்றவருக்கு அது ஒரு காரணத்தைக் கொடுத்து மறுபடி உட்காரவைக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 'வங்கி' பக்கம் வைத்தால், சராசரியாக நூறு ரூபாய்ப் பந்தயத்தில் ஒரு ரூபாய்க்குச் சற்று மேல் விடுதிக்குச் சேரும். 'ஆட்டக்காரர்' பக்கம் ஒன்றேகால் ரூபாய்க்கு மிக அருகில். கேட்க ஒன்றுமில்லாதது போல் இருக்கும். நம் ஊரில் நகைக்கு ஒரு வட்டி என்றால் மாதத்துக்கு ஒரு வட்டி. இங்கே சீட்டு விழும் ஒவ்வொரு முறையும் ஒரு வட்டி.

என் வயதுள்ள ஒரு பெண்மணி நாற்காலியில் உட்காராமல், பின்னால் நின்று, அடுத்தவர் தோளுக்கு மேல் கைநீட்டிப் பணயம் வைத்துக்கொண்டிருந்தார். வைத்தது போனது. மறுபடி வைத்தார். கையிலிருந்ததெல்லாம் போன பிறகும் அங்கேயே நின்று திரையைப் பார்த்தார். அவர் பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை பேச எனக்கு மனம் துடித்தது, மொழி இல்லை. வெளியே வந்துவிட்டேன்.

செவ்வாய், நள்ளிரவு

தூக்கம் வரவில்லை. மகளும் விழித்திருக்கிறாள். நேற்று மாலை காசில்லாமல் ஏறிய பேருந்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

சீனாவில் சூதாட்ட விடுதிக்குச் சட்டப்படி இடமுள்ள ஒரே ஊர் இது. ஆட வருகிறவர்களில் பெரும்பாலோர் சீனப் பெருநிலத்துக்காரர்கள். 2013-ல் விடுதிகளின் சூதாட்ட வருமானம் 36,000 கோடி பட்டாக்காவைத் தாண்டியது. அத்தனையும் தோற்றவர்கள் விட்டுப்போன பணம். இப்போது அதில் நூற்றுக்கு நாற்பது அரசுக்கு. நல்ல வருடங்களில் அரசு வருவாயில் ஐந்தில் நான்கு பங்கு இதுவே. அந்தப் பணத்தில் மழலையர் வகுப்பு முதல் மேல்நிலை வரை 15 வருடப் படிப்பு இலவசம். 2008 முதல் நிரந்தரவாசிகளுக்கு ஆண்டுதோறும் ரொக்கம், இப்போது ஆளுக்கு 10,000 பட்டாக்கா. அரசு ஊழியர்களோ, சீனப் புத்தாண்டின் முதல் மூன்று நாள் தவிர, சூதாட்டக் கூடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. சூது என்ன செய்யும் என்று அரசுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

"பள்ளிக்கூடம் நல்ல விஷயம்தானேம்மா" என்றாள் மகள். நல்ல விஷயம்தான். அந்தப் பிள்ளைகள் படிக்கட்டும். ஆனால் அந்தப் பெண்மணியின் ஊரில் ஒரு பள்ளிக்கூடமும் அவர் காசில் ஓடவில்லையே. இந்த ஊரில் இலவசம் என்று நாங்கள் அனுபவித்த ஒவ்வொன்றையும் அவரைப் போன்றவர்கள்தான் வாங்கிக்கொடுத்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு ஊர் சுற்றுவது வேறு, தெரியாமல் சுற்றுவது வேறு.

புதன், காலை

கமோயிஸ் தோட்டத்தில் முதியவர்கள் பறவைக் கூண்டுகளை மரத்தில் மாட்டிவிட்டு உடற்பயிற்சி செய்கிறார்கள். அதன் பக்கத்திலேயே, ஒரு வாசலுக்குள், பழைய புராட்டஸ்டன்ட் கல்லறைத் தோட்டம். விவிலியத்தைச் சீனத்தில் மொழிபெயர்த்த ராபர்ட் மாரிசன் இங்கே இருக்கிறார். நான் தேடிப் போனது ஜார்ஜ் சின்னரியை.

லண்டனில் பிறந்த ஓவியர், 1802-ல் நம் சென்னைக்கு வந்தார். ஹைதராபாதில் ஆங்கிலேயத் தூதராக இருந்த கிர்க்பாட்ரிக்கின் இரண்டு குழந்தைகள் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போகும் முன், 1805-ல், சென்னையில் வைத்து அவர்களைத் தீட்டியவர் இவரே. பிறகு கல்கத்தா. அங்கே பேரும் வந்தது, கடனும் ஏறியது. கட்ட முடியாமல் 1825-ல் மக்காவுக்குக் கிளம்பி வந்தவர், 1852-ல் இறக்கும் வரை இங்கேயே இருந்தார்.

"கடன்காரங்க இங்க வரைக்கும் தேடி வரலையா?"

"அப்ப இது போர்ச்சுக்கீசியர் ஊர். கல்கத்தா கோர்ட்டு கை இங்க எட்டாது."

27 வருடங்களில் அவர் வரைந்து குவித்த தாள்களில் பெரிய மனிதர்களைவிடத் தெரு மனிதர்கள் அதிகம்: படகோட்டும் பெண்கள், நாவிதர்கள், கொல்லர்கள், தரையில் குந்திச் சூதாடுகிறவர்கள். கடன் என்றால் என்ன என்று தெரிந்த கண் அது. அந்தச் சூதாடிகளை அவர் எப்படி வரைந்திருக்கிறார் என்று நேரில் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. அவர் படங்கள் இங்குள்ள கலை அருங்காட்சியகத்தில் உண்டு என்கிறாள் மகள். ஹாங்காங் பேருந்தைப் பிடிக்க மாலை வரை நேரம் இருக்கிறது. பட்டாக்காவை வெளியே மாற்றுவது கடினம் என்பதால் மிச்சக் காசுக்குப் பாதாம் பிஸ்கட் வாங்கியாகிவிட்டது, இரண்டு பேருக்கும் ஆறாறு பட்டாக்காவை மட்டும் தனியே வைத்துக்கொண்டு அங்கேதான் கிளம்புகிறோம்.