டோக்கியோவிலிருந்து வந்த மாணவர்

உடுமலையில் ஒருத்தர் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறார் என்றால் எம்.எஸ்., இல்லாவிட்டால் எம்.பி.ஏ. அதை யாரும் கேட்கக்கூட மாட்டார்கள். "ஹிஸ்டரி படிக்கப் போறேங்க, அதுவும் ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ஹிஸ்டரி" என்று சொல்லிப் பாருங்கள். "ஏந்தம்பி, அதப் படிச்சா என்னங் கெடைக்கும்?" என்பதுதான் பதிலாக வரும். நூல் மில்லும் பனியன் கம்பெனியும் சோறு போடுகிற ஊரில் அது நியாயமான கேள்விதான், குறை சொல்ல முடியாது.

அந்தப் படிப்புக்காகவே கடல் தாண்டிய ஒரு மாணவர் இருந்தார். என்ன, திசைதான் கொஞ்சம் மாறிவிட்டது. அவர் ஜப்பானில் இருந்து புறப்பட்டு மெட்ராசுக்கு வந்தார்.

பெயர் நொபொரு கராஷிமா. 1933-ல் பிறந்தவர். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1961-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி மாணவராக வந்தபோது வயது 28. நம்ம ஊர்க் கணக்கில் கல்யாணம் முடிந்து செட்டில் ஆகியிருக்க வேண்டிய வயது! அவர் படிக்க வந்ததோ சோழர் காலத்துக் கல்வெட்டுகளை.

இப்படிப் படிக்க வருகிற ஒருவருக்கு முதல் சில வாரங்களில் என்னவெல்லாம் காத்திருக்கும்? முதலில் ஒரு தமிழ், புத்தகத் தமிழ். தெருவுக்கு வந்தால் இன்னொரு தமிழ், "எங்கே போகிறீர்கள்" என்பது "எங்க போறீங்க" ஆகிவிடும். இந்த இரண்டையும் ஒரு வழியாகச் சமாளித்துக் கோயில் சுவர் முன்னால் போய் நின்றால் மூன்றாவதாக ஒரு தமிழ். இந்த மூன்றாவதில் நாமும் அவரும் ஒன்றுதான். சந்தேகமாக இருந்தால் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஒரே ஒரு வரியை வாசித்துப் பாருங்கள்.

அந்த எழுத்தில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. க்-கா க-வா என்று நாம்தான் முடிவு செய்துகொள்ள வேண்டும். குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வித்தியாசம் காட்டமாட்டார்கள், அதனால் எரியும் ஏரியும் ஒரே மாதிரி இருக்கும். கொடு, கோடு கதையும் அதேதான். துணைக்காலும் ரகரமும் இரட்டைப் பிள்ளைகள். நடுநடுவே கிரந்த எழுத்துகள் வேறு. வார்த்தைக்கும் வார்த்தைக்கும் இடைவெளி விடுகிற வழக்கமும் இல்லை. கி.பி. என்று வருடம் போடுகிற வழக்கமும் இல்லை, மன்னருக்கு இத்தனையாவது ஆட்சியாண்டு என்றுதான் இருக்கும். ராஜராஜன் 985-ல் பட்டத்துக்கு வந்தான் என்று தெரிந்தால்தான் அவனுடைய 25-ஆம் ஆண்டை 1009-10 என்று கணக்குப் போட முடியும்.

கணக்கு என்றதும் இன்னொன்று. காமர்ஸ் படிக்கிறவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். நிலத்தை அளந்தவர்கள் வேலி, மா, காணி, முந்திரி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மா என்றால் 1/20. காணி 1/80. முந்திரி 1/320. அதற்கும் கீழே போக வேண்டுமென்றால் "கீழ்" என்று ஒரு சொல்லைப் போட்டு, மறுபடியும் முந்திரியால் பெருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறி. வரி ஏமாறாமல் வசூலிக்க இத்தனை நுணுக்கம்! நம்முடைய ஜி.எஸ்.டி. தேவலை.

கல்வெட்டு வாசிக்கும் பயிற்சி அவருக்கு ஊட்டியில் கிடைத்தது. மத்திய அரசின் கல்வெட்டு அலுவலகம் அப்போது அங்கேதான் இருந்தது, 1966-ல்தான் மைசூருக்குப் போனது. அங்கே படிகள் அடுக்கடுக்காக இருக்கும். படி என்றால் கல்லின் நகல். கல்லைச் சுத்தம் செய்து, ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்பார்கள். எழுத்து வெள்ளையாகவும் மற்ற இடமெல்லாம் கறுப்பாகவும் வரும். சமவெளிக் கோயில்களின் சுவரெல்லாம் காகிதமாகி மலை ஏறி உட்கார்ந்திருந்தன, அதைப் படிக்க டோக்கியோவிலிருந்து ஒருவர் மலை ஏறினார்.

சரி, இத்தனை சிரமப்பட்டு அவர் தேடியது என்ன? ராஜராஜன் எத்தனை நாட்டை ஜெயித்தான் என்பதைத் தேடியிருந்தால் நாம் சந்தோஷப்பட்டிருப்போம். அவர் கேட்ட கேள்வி வேறு: நிலம் யாருடையது?

ஆசியாவின் கிராமங்கள் காலங்காலமாக மாறாதவை, அங்கே நிலம் பொதுவில் இருந்தது, தனிச்சொத்து கிடையாது என்றொரு கருத்து ஐரோப்பாவில் நெடுநாளாக இருந்தது. மார்க்ஸ் வரைக்கும் அப்படி எழுதியிருக்கிறார்கள். இது உண்மையா என்று பார்க்கக் கராஷிமா திருச்சிக்குப் பக்கத்தில், காவிரிக் கரையில், இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டார். அல்லூர், ஈசானமங்கலம். அக்கம்பக்கத்து ஊர்கள். ஈசானமங்கலம் பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். அல்லூர் வேளாளர்களின் ஊர். முற்காலச் சோழர் கல்வெட்டுகளில் ஈசானமங்கலத்துக்காரர்கள் தனித்தனி ஆளாக நிலம் வைத்திருந்தது தெரிகிறது. அல்லூரிலோ ஊராரே சேர்ந்து நின்று நிலத்தை விற்கிறார்கள். 1966-ல் வந்தது இந்தக் கட்டுரை. பிறகு பிற்காலச் சோழர் கல்வெட்டுகளையும் பார்த்தார். 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் மற்ற ஊர்களிலும் தனியார் கைக்கு நிலம் போகிறது, பெரிய நிலக்காரர்கள் தலையெடுக்கிறார்கள். மாறாத கிராமம் என்பது பொய். அதைச் சொன்னது மேடைப் பேச்சு எதுவும் இல்லை, கோயில் சுவரில் இருந்த கிரயப் பத்திரங்கள்.

நம் ஆட்களுக்கு இந்த வேலை ஏன் முதலில் தோன்றவில்லை என்று கேட்கத் தோன்றும். நீலகண்ட சாஸ்திரி 1930-களிலேயே சோழர்களைப் பற்றி இரண்டு பாகங்கள் எழுதிவிட்டார், அது இல்லாமல் கராஷிமாவும் இல்லை. ஆனால் பெருமைப்படுவதற்காகக் கல்வெட்டைத் தேடுவதும், எண்ணிப் பார்ப்பதற்காகத் தேடுவதும் வேறு வேறு வேலைகள். கராஷிமா எண்ணினார். எ. சுப்பராயலு, தோரு மாட்சுயி ஆகிய இருவரோடு சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்களின் பெயர்களையெல்லாம் தொகுத்து, 1978-ல் மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்தார். 849-லிருந்து 1279 வரை நான்கு காலப் பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பட்டம் எப்போது அதிகம், எப்போது குறைகிறது என்று பார்த்தார்கள். மூவேந்தவேளான் என்ற பட்டம் ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் வருகிறது, பிறகு தேய்ந்துபோகிறது. ஒரு அரசாங்கம் மாறுவது பெயர்ப் பட்டியலில் தெரிகிறது! லெட்ஜரைப் புரட்டிக் கம்பெனியின் நிலைமையைச் சொல்வதற்கும் இதற்கும் ரொம்பத் தூரமில்லை.

திருப்பூர் ஏற்றுமதிக்காரர்களுக்கும் அவரிடம் ஒரு செய்தி உண்டு. இந்தியப் பெருங்கடல் வணிகம் பற்றி அவர் தொகுத்த நூல் 2002-ல் வந்தது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு சுமத்ராவின் பாருஸில் 1088-ல் வெட்டிய தமிழ்க் கல்வெட்டு அதில் பேசப்படுகிறது. எல்.சி., ஷிப்பிங் பில் எதுவும் இல்லாத ஏற்றுமதி.

2010 கோவை மாநாடு பலருக்கும் ஞாபகம் இருக்கும். அதை ஒன்பதாவது உலகத் தமிழ் மாநாடாகத்தான் தமிழக அரசு நடத்த நினைத்தது. உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தின் தலைவராக இருந்தவர் கராஷிமா. ஆராய்ச்சி மாநாட்டுக்குப் போதிய அவகாசம் வேண்டும் என்று சொல்லிவிட்டார். அது செம்மொழி மாநாடாக நடந்தது, அந்த மன்றம் அதில் இல்லை. ஒரு எழுத்து ரகரமா துணைக்காலா என்று முடிவு செய்யவே நிதானமாக உட்கார்ந்து பழகிய மனிதர் வேறென்ன சொல்வார்.

2013-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். உடல்நிலையால் டெல்லிக்கு வர முடியவில்லை, டோக்கியோ போன பிரதமர் மன்மோகன் சிங் அங்கேயே கையில் கொடுத்தார். 2015 நவம்பரில் காலமானார்.

உடுமலையில் இருப்பவர்கள் கல்வெட்டுப் பார்க்கத் தஞ்சாவூர் வரை போக வேண்டியதில்லை. கணியூருக்குப் பக்கத்தில், அமராவதிக் கரையில், கடத்தூர் அர்ச்சுனேசுவரர் கோயில் இருக்கிறது. கொங்குச் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் சுவரில் நிறைய. அதில் இந்தப் பகுதிக்குக் கரைவழி நாடு என்று பெயர். பஸ் வசதி உண்டு, டிக்கெட்டும் அதிகமில்லை. போனால் முதல் வரியைத் தேடுங்கள். பெரும்பாலும் "ஸ்வஸ்திஸ்ரீ" என்று ஆரம்பிக்கும். எடுத்த எடுப்பிலேயே கிரந்தம்தான்.