எஞ்சினின் மூளையை யாரிடம் ஒப்படைப்பது?

கோவையில் மோட்டார் வண்டியைப் பற்றிக் கருத்துச் சொல்லாத மனிதரைக் காண்பது அரிது. பம்புசெட்டும் லேத் பட்டறையும் வளர்த்த ஊர் இது. கரிவரதன் பந்தயக் கார்களைக் கட்டிய ஊர். 2005இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் வளர்ந்த ஊர். ஆகவே, என் காரின் எஞ்சின் கணிப்பொறியில் மாற்றம் செய்யலாமா என்று நான் எண்ணத் தொடங்கியபோது ஆலோசனைக்குக் குறைவிருக்கவில்லை. டீக்கடையில் அறிமுகமான ஒருவர்கூட ஒரு டியூனரின் எண்ணைக் கொடுத்தார்.

வண்டி 2014ஆம் ஆண்டின் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1,197 சிசி கொள்ளளவு, நான்கு சிலிண்டர், ஒரு சின்ன டர்போ. ஆலைக் கணக்கில் 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இந்தியாவில் 2022இல் போலோவின் உற்பத்தியே நின்றுவிட்டதால், இதை விற்றுவிட்டு இதேபோல் இன்னொன்று வாங்குவது என்ற பேச்சுக்கு இடமில்லை.

டர்போ இல்லாத எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று புகும் என்பதைப் பெரும்பாலும் அதன் உடலமைப்பே தீர்மானிக்கிறது. டர்போ வண்டியில் வெளியேறும் புகையே ஒரு சக்கரத்தைச் சுழற்றிக் காற்றை உள்ளே அழுத்துகிறது. எவ்வளவு அழுத்தலாம், அதற்கு எவ்வளவு பெட்ரோல், எந்தக் கணத்தில் தீப்பொறி என்பதெல்லாம் கணிப்பொறியில் எழுதப்பட்ட எண்களின் வசம். கலப்பட எரிபொருள், சித்திரை வெயில், சர்வீஸை மறந்துபோகும் உரிமையாளர் என எல்லாவற்றையும் எதிர்பார்த்து, தயாரித்தவர்கள் அந்த எண்களில் கொஞ்சம் இடம் விட்டு வைக்கிறார்கள். டியூனர் நமக்கு விற்பது அந்த இடத்தைத்தான். அளவோடு எடுத்தால் வண்டி உயிர் பெற்றதுபோல் ஓடும். பேராசையோடு எடுத்தால் கலவை உரிய கணத்துக்கு முன்பாகவே தானாக வெடித்து, பிஸ்டனின் வளையங்கள் அமரும் விளிம்பை உடைத்துவிடும். அது உடைகிற நாளில், எண்களை மாற்றியவர் நம் பக்கத்து இருக்கையில் இருக்கமாட்டார்.

வார நாட்களில் அந்த வண்டியை ஓட்டுபவர் என் மனைவி. பொள்ளாச்சியில் ஒரு கல்லூரியில் ஆசிரியை. தினமும் போய்வர எண்பது கிலோமீட்டருக்கு மேல், பாதித் தூரம் மகளும் உடன் இருப்பாள். என் திட்டத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "இருபது நிமிஷத்துல ஒருத்தர் லேப்டாப்பை வச்சு மாத்திட்டுப் போயிருவாருன்னா, அவரு என்ன மாத்துனாருன்னு நமக்கு எப்படிங்க தெரியும்?"

இதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. சமையற்காரரை ருசித்து அறியலாம், தையற்காரரை உடுத்தி அறியலாம். இவருடைய வேலையோ கண்ணுக்குத் தெரியாதது, அதன் பலன் ஈராண்டு கழித்துத்தான் தெரியவரும். எனவே அந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டு மூவரிடம் போனேன்.

முதலாமவர் சந்தித்த ஐந்தாம் நிமிடத்தில் 145 குதிரைத்திறன் என்றார். எஞ்சின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டால் இன்னும் ஐந்து சேரும் என்பது உபரிச் சலுகை. பழைய கோப்பைப் பிரதியெடுத்துத் தருவீர்களா என்றேன். "அதெல்லாம் எதுக்கு சார், நம்ம கம்ப்யூட்டர்ல இருக்கும்" என்றார். இரண்டாமவர் ஒரு வெளிநாட்டு நிறுவனக் கோப்பின் விற்பனையாளர். நேர்மையானவர், கோப்பும் நல்ல கோப்பாகவே இருக்கலாம். ஆனால் அது ஐரோப்பியப் பெட்ரோலுக்கும் குளிருக்கும் எழுதப்பட்டது; நம் ஊருக்கு அதில் ஏதும் மாற்ற அவருக்கு உரிமையோ கருவியோ கிடையாது.

மூன்றாமவர் செட்டிபாளையத்துப் பந்தயத் தடத்தில் வண்டிகளோடு வளர்ந்த இளைஞர். அவர் எண் எதையும் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். எத்தனை கிலோமீட்டர், ஸ்பார்க் பிளக் எப்போது மாற்றியது, எந்த பங்க்கில் பெட்ரோல், யார் ஓட்டுவது, மலை ஏறுவீர்களா. பிறகு வண்டியில் ஒரு கருவியைச் செருகி, ஆலைக் கோப்பிலேயே மூன்றாம் கியரில் 2,000 சுழற்சியிலிருந்து 6,000 வரை ஓட்டச் சொன்னார். திரையில் நான்கு சிலிண்டருக்கும் நான்கு கோடுகள். மூன்றாவது மட்டும் மேல் சுழற்சியில் துவண்டு கிடந்தது. அந்த சிலிண்டரில் தட்டும் ஓசையைக் கேட்டுக் கணிப்பொறி தானாகவே தீப்பொறியைத் தாமதப்படுத்துகிறது என்றார்.

"இப்ப இதுமேல பவர் ஏத்துனா பாவமுங்ணா. மொதல்ல பிளக், காயில் பாருங்க. வால்வுல கரி புடிச்சிருந்தா அதையும் சுத்தம் பண்ணிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

அன்று அவர் ஒரு ரூபாயும் வாங்கவில்லை. வரும் காசைத் திருப்பி அனுப்பிய டியூனர் என்பதே என்னைப் பொறுத்தவரை முதல் சான்றிதழ்.

மூன்று வாரம் கழித்து நான்கு கோடுகளும் ஒன்றாக ஓடின. அதன் பிறகுதான் அவர் கசப்பானவற்றைச் சொன்னார்: சேவை மையத்துக் கருவி மாற்றத்தைக் கண்டால் வாரண்டி போகும் (என் வண்டிக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது), பதிவுச் சான்றின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பதே நல்லது. கன்வெர்ட்டரைத் தொடமாட்டேன் என்பதையும் நான் கேட்காமலே சொன்னார்.

முறுக்குவிசையை 220க்கு மேல் ஏற்ற அவர் சம்மதிக்கவில்லை. இந்த வண்டியின் ஏழு கியர் டிஎஸ்ஜி பெட்டியின் உலர் கிளட்ச் 250 நியூட்டன் மீட்டருக்காக வடிவமைக்கப்பட்டது. அதன் விளிம்புவரை போவது தன் வழக்கமில்லை என்றார். ஒரே நாளில், ஒரே டைனோவில், முன்னும் பின்னும் அளந்தோம். டைனோவின் எண் வெப்பத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் இடும் திருத்தத்தைப் பொறுத்து மாறும் என்பதால் வேறு இடத்து அளவோடு ஒப்பிடுவது வீண். முதலாமவர் சொன்ன 145 வரவில்லை, 126 வந்தது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டையூசி வளைவுகள். முன்பு ஒவ்வொரு வளைவிலும் மூச்சு வாங்கிய வண்டி இப்போது முனகாமல் ஏறுகிறது. மனைவிக்கு வேறுபாடு தெரிந்ததா என்று கேட்டேன். லாரியை முந்தும்போது தெரிகிறது என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

பழைய கோப்பு, புதிய கோப்பு, இரு நாட்களின் பதிவுகள் எல்லாம் ஒரு பென் டிரைவில் என் கைக்கு வந்தன. அவர் எந்தெந்த அட்டவணையைத் தொட்டார் என்பது ஒரு தாளில், கோணலான கையெழுத்தில். மனைவியின் கேள்விக்கு விடையாக அந்தத் தாளைத்தான் காட்டினேன், படித்துவிட்டு ஆர்.சி. புத்தகத்தோடு பீரோவில் வைத்தார்.

நாட்டில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025இல் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் தட்டுவதைத் தடுக்கும், ஆனால் எரிய அதிக அளவு வேண்டும். காற்றுக்கும் பெட்ரோலுக்குமான விகிதம் மாறுகிறது. பழைய ரப்பர்க் குழாய்களுக்கும் அது அவ்வளவு நல்லதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வண்டியைக் கொண்டுவந்து பதிவெடுத்துப் பார்க்கவேண்டும் என்பது இளைஞரின் நிபந்தனை. அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. அடுத்த முறை குழாய்களையும் பார்த்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்.